எட்டாவது குடமும் எங்கள் ஊர் மூட்டமும்

சினிமாவைப் பார்க்காமலே விமர்சனம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமே கிடையாது. ஏதோ வேலை நெருக்கடி, பஸ் கிடைத்திருக்காது, போகட்டும். என் கதை வேறு. நான் ஒரு படத்தை முதலிலிருந்து கடைசிவரை கண்கொட்டாமல் பார்த்து, அதில் இல்லவே இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்து, அதுதான் படத்தின் உயிர் என்று அச்சில் எழுதியவள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். டைப் அடிப்பது போக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. காலையில் போனதும் ஆபீஸ் முற்றத்தில் நட்டு வைத்திருக்கும் மழைமானியைப் பார்த்து, மழை எவ்வளவு, வெயிலா, மூட்டம் என்று நாங்கள் சொல்லும் மூடுபனியா என்று எழுதிக் கீழே ஹெட் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். (இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வானிலையைப் பார்த்துச் சொல்வதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள் நான்.)

ஆனால் என் மனம் மழைமானியில் இல்லை. நான் அறிவுஜீவி ஆகிக்கொண்டிருந்தேன். சேலத்துக்குப் போய்ப் பெரிய படம் எதையாவது பார்த்தால், ஜனங்கள் கைதட்டும் இடத்தில் பெருமூச்சு விடுவேன். ஜனங்கள் கொட்டாவி விடும் படமாக இருந்தால் மெதுவாகத் தலையாட்டுவேன். என் அக்கா ரெஜினாவுக்கு இது பிடிக்காது. அவளுடைய விமர்சனம் எல்லாப் படத்துக்கும் ஒன்றுதான். "அழுக வந்துச்சு, நல்ல படம். அழுக வரல, காசு தண்டம்." மாதா கோயிலுக்குப் பின்னால்தான் அவள் வீடு. பீடத் துணிகளைத் துவைத்து, மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துலக்கி, கோயிலைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. கோயில் சாவியும் அவள் இடுப்பில்தான் இருக்கும்.

நான் எழுதிய பத்திரிகை சேலத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. ஆசிரியர் நாச்சிமுத்து கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ் வைத்திருந்தார். முகூர்த்த மாதங்களில் மெஷினுக்கு ஓய்வு இருக்காது. ஆகவே எங்கள் சினிமாப் பத்திரிகை ஆடியிலும் மார்கழியிலும் குண்டாக வரும், மற்ற மாதங்களில் இளைத்து வரும், வைகாசியில் வரவே வராது. மேலட்டையில் சில சமயம் கல்யாணப் பத்திரிகையின் ஜரிகைத் தாள் மிச்சம் ஒட்டியிருக்கும். வாசகர்கள் யார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் அதில் என் பெயர் வந்தது. பிலோமினா, ஏற்காடு.

எங்கள் ஊரில் ஒரு திரைப்படச் சங்கம் வைத்து, நல்ல படங்களை நாங்களே வரவழைத்துப் போட்டோம். கோயில் ஹாலை ஃபாதர் கொடுத்தார். நிபந்தனைகள் உண்டு. முத்தம் கூடாது, குடி கூடாது, சாயங்கால ஜெப மணிக்கு முன்னால் படம் முடிந்துவிட வேண்டும். (முதல் இரண்டை உலகக் கலைப்படங்கள் எதுவும் நிறைவேற்றவில்லை. ஆகவே தமிழ்க் கலைப்படங்கள் மட்டும் போட்டோம். அவற்றில் யாருக்கும் முத்தமிடும் தெம்பே இருக்காது.) மெஷின் ஓட்டுவது உபதேசியார். ஞாயிறு காலைப் பூசையில் ஜெபம் சொல்லித் தருபவரும் அவரே. வாழவந்தியிலிருந்தும் கொட்டச்சேட்டிலிருந்தும் பூசைக்கும் சந்தைக்கும் வந்தவர்கள், திரும்பிப் போகப் பஸ் வரும்வரை உட்கார ஓர் இடம் வேண்டுமென்று கூட்டமாக வந்துவிடுவார்கள். கலைக்கு இவ்வளவு ஆதரவா என்று நான் பூரித்துப்போவேன்.

ஹாலின் ஜன்னல் கண்ணாடிகளில் பாதி உடைந்திருந்தது. மதியக் காட்சிக்கு இருட்டு வேண்டுமே என்று எல்லா ஜன்னல்களுக்கும் கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தோம். சங்கச் செயலாளர் என்ற முறையில் எனக்கென்று தனி நாற்காலி, ஜன்னலை ஒட்டி. நடந்தது எல்லாவற்றுக்கும் இந்த நாற்காலிதான் காரணம் என்று நான் வெகுகாலம் சொல்லித் திரிந்தேன்.

அந்த ஐப்பசியில் மெட்ராஸிலிருந்து 'எட்டாவது குடம்' படப்பெட்டி வந்தது. கதை இதுதான்: ஒரு பெண் தண்ணீருக்காகக் குடத்தை எடுத்துக்கொண்டு நடக்கிறாள். தண்ணீர் இல்லை. திரும்புகிறாள். மறுபடி நடக்கிறாள். எட்டு முறை. நடுவில் ஓர் ஆடு வருகிறது. ஹாலில் பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் ஆட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் சிலிர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அவள் வெறுங்குடத்தோடு திரும்பும் போதெல்லாம் திரையில் ஒரு வெண்மூட்டம் மெல்லப் பரவியது. முதலில் ஓரமாக, பிறகு அவள் கால்களைச் சுற்றி, கடைசிக் காட்சியில் முகம் முழுக்க. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஈரமாக இருந்தது. அட, அழுதுகூட விட்டோமே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் ஒரே மூச்சில் எழுதினேன். "வறட்சியைச் சொல்லும் படத்தில் ஈரத்தைப் பரவவிட்டிருக்கிறார் இயக்குநர். தாகத்தின் நடுவே ஒரு மூட்டம்! தமிழ்த்திரை இதுவரை காணாத முரண் இது. இறுதிக் காட்சியில் நாயகியின் முகமே தெரியவில்லை. தெரியாத அந்த முகம்தான் இந்த நாட்டு ஏழைப் பெண்ணின் முகம். என் கண்ணாடி இரண்டு முறை நனைந்தது." அதே கட்டுரையில், முந்தின வாரம் சேலத்தில் பார்த்த ஒரு பெரிய வெற்றிப் படத்தையும் ஒரு பிடி பிடித்தேன். "எல்லாக் காட்சிகளும் பளிச்சென்று தெரிகின்றன. பார்வையாளர் யோசிக்க ஓர் இடமும் இல்லை." மார்கழி இதழ் குண்டாக வந்தது. முதல் பக்கத்தில் என் கட்டுரை. எஸ்டேட் ஆபீசில் எல்லோர் மேசையிலும் ஒரு பிரதி வைத்தேன். மேனேஜர் அதன்மேல் காபித் தம்ளரை வைத்துக்கொண்டார்.

ஈஸ்டர் நெருங்கும்போது ஒரு நாள் ஆபீசுக்கு சேலத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. போன் மேனேஜர் மேசையில். அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் ரிசீவரை எடுத்தேன்.

"ஏனுங்க பிலோமினா, நின்னுட்டு இருக்கீங்களா, உக்காந்துட்டு இருக்கீங்களா?" ஆசிரியர் நாச்சிமுத்துவின் குரல்.

"நின்னுட்டுதானுங்க."

"அப்ப உக்காருங்க." (அந்த அறையில் இருந்த ஒரே நாற்காலியில் மேனேஜர் இருந்தார். நின்றேன்.) "எட்டாவது குடம் டைரக்டரு நம்ம பிரஸ்ஸுக்கே வந்துட்டாருங்க. அந்தப் படத்த நல்லாருக்குன்னு எழுதுனது நாடு பூராவும் நீங்க ஒருத்தருதானாமுங்க. உங்களப் பாக்காம ஊருக்குப் போகமாட்டேங்கறாரு. ஈஸ்டர் முடிஞ்ச ஞாயித்துக்கெழமை படப்பொட்டியோட மேல வர்றமுங்க. அன்னைக்கே சபையில வெச்சு, நீங்கதான் நம்ம பத்திரிகைக்கு உதவி ஆசிரியருன்னு சொல்லிப்போடலாம்னு இருக்கறனுங்க. சேலத்துல வேலை. ஃபேனுக்கடியில மேசை."

மேசை! எனக்கே எனக்கென்று! மழைமானி இல்லாத ஒரு வாழ்க்கை! கால் தரையில் இல்லை.

"ஒரே ஒரு சந்தேகமுங்க," என்றார் அவர். "அந்த மூட்டம் எந்த சீன்ல வருதுன்னு கேக்கறாரு. அவரு மூட்டத்த வெக்கவே இல்லைங்களாமா. எடுத்ததெல்லாம் ராமநாதபுரத்துப் பக்கம், அக்கினி வெயில்ல. ஆனா கோவமில்லீங்க. தனக்கே தெரியாம தன்ற படத்துல இப்படி ஒண்ணு வந்துருக்குதுன்னா, அதுதான் கலைங்கறாரு. கேமராமேனுகூட பேச்சுவார்த்தை இல்லாம இருந்தாராமா, இதப் படிச்சுப்போட்டுப் போயிக் கட்டிப் புடிச்சாராமுங்க."

சாயங்காலம் நேராக ரெஜினா அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எட்டாவது குடம் பாத்தமே, அதுல மூட்டம் வந்துச்சல்ல?"

"படத்துல எங்க புள்ள வந்துச்சு? ஹாலுக்குள்ளதான வந்துச்சு."

"ஹாலுக்குள்ளயா?"

"உன்ற நாக்காலிக்குப் பக்கத்து ஜன்னல்லதான் குபுகுபுன்னு வந்துச்சு. பாப்பாவுக்குக் காதுல துணி கட்டுனனே, பாக்கலியா? உபதேசியாரு மெசின் மேல சாக்கு போட்டு மூடுனாரே, பாக்கலியா?"

"அப்ப ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"ஏற்காட்டுல மூட்டம் வந்தாச் சொல்லோணுமா? நாளைக்கு விடிஞ்சா அதையும் வந்து சொல்லட்டுமா?"

அவள் சொன்னது நியாயம். எங்கள் ஊரில் மூட்டம் வீட்டுக்குள் வந்து போகும் பூனை மாதிரி. வரும், கொஞ்ச நேரம் படுக்கும், போகும். யாரும் தலைதூக்கிப் பார்ப்பதில்லை. அதிலும் நான் அதைத் தினமும் காலையில் டைப் அடித்து அனுப்புகிறவள். ஆபீஸ் முற்றத்தில் இருந்தால் எனக்கு அது மூட்டம், திரையில் இருந்தால் முரண். ஜன்னலில் கறுப்புத் துணி தொங்கியது, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். கண்ணாடி நனைந்ததும் அழுகையால் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்காகத்தான் உண்மையாகவே அழுகை வந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு பொழுது நினைத்தேன். உடனே அந்த மேசை கண்ணில் வந்தது. சரி, ஊர் மூட்டம்தானே, அன்றைக்கும் வராமலா போகும் என்று வேண்டிக்கொண்டேன். காபி பூத்து மலையே மணக்கிற சித்திரை அது. அந்த வாரம் முழுக்க நீலவானம். தினமும் காலையில் 'வானம் தெளிவு, வானம் தெளிவு' என்று என் கையாலேயே டைப் அடித்து ஹெட் ஆபீசுக்கு அனுப்பினேன்.

"மூட்டந்தான வேணும்?" என்றாள் ரெஜினா அக்கா. "நான் போடறன்."

"நீயா?"

"ஈஸ்டருக்கு வாங்குன சாம்பிராணி பாதிப் பொட்டி அப்படியே கெடக்குது. தூபக்கலசத்துல கரியப் போட்டு, ஜன்னலுக்கு வெளிய நின்னுக்கறேன். நீ இருமு, நான் ஆட்டறேன்."

இவ்வளவு எளிய தீர்வு எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டேன். (எந்த இடத்தில் வெட்கப்பட வேண்டும் என்பதே எனக்கு அப்போது தெரியாது.)

ஞாயிறு மதியம் பஸ்ஸிலிருந்து இருவரும் இறங்கினார்கள். இயக்குநர் என்றால் தாடியும் ஜோல்னாப் பையுமாக ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் மழமழவென்று சவரம் செய்து, பாங்க் மேனேஜர் மாதிரி குண்டாக இருந்தார். மலை என்றால் குளிரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உச்சி வெயிலில் ஸ்வெட்டரும் குரங்குத் தொப்பியும் மாட்டிக்கொண்டு வியர்த்து வழிந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, என் படத்தை எடுத்தது நான். பார்த்தது நீங்க ஒருத்தர்தான்."

எனக்குத் தொண்டை வறண்டுபோயிற்று. நல்லது, இருமலுக்கு உதவும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹால் நிறைந்திருந்தது. முன்வரிசையில் இயக்குநர், ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஆசிரியர். பின்னால் எஸ்டேட் குடும்பங்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்போர், பஸ் ஸ்டாண்ட் டீக்கடை செங்கோடண்ணன். உபதேசியார் மெஷினை ஓட்டினார். கதாநாயகி குடத்தைத் தூக்கினாள், நடந்தாள், தண்ணீர் இல்லை, திரும்பினாள். இருமினேன். கறுப்புத் துணிக்கு அடியிலிருந்து மெலிதாக ஒரு வெண்புகை எழும்பி, மெஷின் வெளிச்சத்தில் மிதந்து, அவள் கால்களைச் சுற்றிக்கொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது.

இயக்குநர் என் முழங்கையைப் பிடித்தார். "இதுவா?"

"இதுதாங்க."

"கடவுளே," என்றார் அவர்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் படத்தில் எட்டுக் குடம் இருந்தது. என் அக்காவோ எதையும் குறைவாகச் செய்து பழகாதவள். இரண்டாவது இருமலுக்கு அவள் ஒரு கை சாம்பிராணியை அள்ளிப் போட்டாள் போலிருக்கிறது. வாசனை ஹாலுக்குள் இறங்கியது. இங்கேதான் நாங்கள் இருவரும் கணக்கில் எடுக்காத ஒன்று நடந்தது. மூட்டத்துக்கு வாசனை கிடையாது. சாம்பிராணிக்கு உண்டு. எங்கள் கோயில் ஜனங்களின் மூக்குக்கும் முழங்காலுக்கும் ஞானஸ்நானத்தன்றே முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

முதலில் பெண்கள் முந்தானையை எடுத்து முக்காடு போட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த பெரியவர்கள் கண்ணைத் திறக்காமலே எழுந்து நின்றார்கள். பின்வரிசை எழுந்ததைப் பார்த்து நடுவரிசை எழுந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே தூபக்கலசத்தின் சங்கிலி கிலுங் கிலுங்கென்று அசைந்தது. அவ்வளவுதான், ஹால் முழுக்க மடமடவென்று முழங்காலில் விழுந்தது. உபதேசியாருக்கு மெஷின் ஓடுவதே மறந்துவிட்டது. இருபது வருஷப் பழக்கம், வாய் தானாக ஜெபத்தை ஆரம்பித்தது. ஹால் ஒரே குரலில் பதில் சொன்னது. திரையில் கதாநாயகி மூன்றாவது குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். செங்கோடண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆசிரியர் நாச்சிமுத்து நிற்பதா, மண்டியிடுவதா என்று தெரியாமல் பாதியில் குனிந்து நின்றார்.

இயக்குநர் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பூசையும் தெரியாது, தூபமும் தெரியாது. தன் கதாநாயகியின் முன்னால் ஓர் ஊரே முக்காடிட்டு மண்டியிட்டிருப்பதைத்தான் பார்த்தார். குரங்குத் தொப்பியை மெதுவாகக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது.

"மெட்ராஸ்ல கைதட்டக்கூட ஆளில்லம்மா," என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு வெட்கமாக இல்லை. பெருமையாக இருந்தது. கலையை மக்களிடம் கொண்டுசேர்த்துவிட்டேன் என்றே நினைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

அப்போது ஹால் கதவு படாரென்று திறந்தது. மதியத் தூக்கத்திலிருந்து எழுந்த கோலத்தில் ஃபாதர்.

"யாரு இங்க தூபம் போட்டு ஆசீர்வாதம் குடுக்கறது? நான் அங்க படுத்திருக்கேன்!"

ஜெபம் நின்றது. உபதேசியார் பாதி வார்த்தையை விழுங்கினார். ஜன்னலுக்கு வெளியே இருந்தவளுக்கு இது எதுவும் தெரியாது. இருமல் ஒலி கேட்காமல் போகவே, என்னவோ குறைகிறது என்று நினைத்து அவள் கலசத்தை ஓங்கி வீசியிருக்கிறாள். ஒரு கங்கு தெறித்துக் கறுப்புத் துணியில் விழுந்தது. துணி கருகியது, பிறகு பற்றியது. "ஐயோ மாதாவே!" என்று ஒரு குரல், யாரோ வெளியிலிருந்து துணியை வெடுக்கென்று இழுத்தார்கள், சித்திரை வெயில் ஹாலுக்குள் கொட்டியது. திரையில் படம் காணாமல் போயிற்று. எரிந்த துணியைக் காலால் மிதித்து அணைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகி, தூபக்கலசமும் கையுமாக ஜன்னலில் என் அக்கா எட்டிப் பார்த்தாள். வெயிலில் அவளுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

"பிலோ, போதுமா? இன்னொரு கை போடட்டுமா?"

அத்தனை பேர் முன்னால், அந்தப் பொல்லாத வெளிச்சத்தில், நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஐப்பசி மூட்டம், உடைந்த கண்ணாடி, என் நாற்காலி, நனைந்த மூக்குக்கண்ணாடி, எதையும் மறைக்கவில்லை. மண்டியிட்டிருந்தவர்கள் எழுவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே கேட்டார்கள். இயக்குநர் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே கேட்டார்.

"அப்ப இவங்க எல்லாம் ஏன் மண்டி போட்டாங்க?"

ஃபாதர்தான் பாவம், கனிவாகச் சொன்னார். "சாம்பிராணிக்குங்க."

இயக்குநர் என்னைத் திட்டுவார், அழுவார், கேமராமேனிடம் மறுபடி பேச்சை நிறுத்துவார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவர் எழுந்து ஜன்னலிடம் போனார்.

"ஏம்மா, இந்தப் புகை எவ்வளவு நேரம் நிக்கும்?"

"காத்து இல்லைன்னா நிக்குமுங்க," என்றாள் அக்கா. "உங்குளுக்கு எவ்வளவு வேணும்?"

உதவி ஆசிரியர் அறிவிப்பு அன்று நடக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஆசிரியர் நாச்சிமுத்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க, மழை வெயிலுன்னு எழுதி அனுப்பறதுக்கே சம்பளம் வாங்கறீங்களாமா? மேனேஜரு சொன்னாருங்க." நான் தலை குனிந்தேன். "நொம்ப சங்கடமாப் போச்சுங்க. ஆனா நீங்க எழுதறது நல்லாருக்குதுங்க, அதையுஞ் சொல்லோணும். ஒண்ணு பண்ணுங்க. இவரோட அடுத்த படம் வரட்டும். சேலத்துல, கதவு ஜன்னலெல்லாம் சாத்துன தியேட்டர்ல உக்காந்து பாருங்க. திரையில இருக்கறத மட்டும் எழுதிக் குடுங்க. இருக்கறத மட்டும். சரியா இருந்தா அந்த மேசை உங்குளுது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். மறுநாள் காலை மழைமானியைப் பார்த்தபோது அதுவும் என்னைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது.

அடுத்த படத்துக்கு இயக்குநர் எங்கள் மலைக்கே வந்தார். கரடியூர்ப் பக்கம் படப்பிடிப்பு. கதையில் மூட்டம் வேண்டும். எந்த நேரமும் வருகிற மூட்டம், கேமராவைக் கண்டதும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கேமராவை மூடிப் பெட்டியில் வைத்ததும் வந்து மொய்க்கும், திறந்ததும் போய்விடும். பொறுத்துப் பார்த்துவிட்டு இயக்குநர் ஒரு ஜீப்பை அனுப்பினார். என்னைக் கூப்பிடத்தான் என்று நான் புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஜீப் என்னைத் தாண்டிக் கோயிலுக்குப் பின்னால் போய் நின்றது.

தூபக்கலசத்தை ஃபாதர் தரமாட்டேன் என்றுவிட்டார். அக்கா ஒரு பெரிய பால்பவுடர் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு, கம்பி கட்டி, அதையே கொண்டுபோனாள். படம் முடியும்வரை அவள்தான் அந்தப் படத்தின் வானிலை.

படம் சேலத்தில் வெளியான அன்று குடும்பமே பஸ் ஏறிப் போனோம். பெயர்கள் ஓடும்போது, நடிகர்கள், பாட்டு, கேமரா எல்லாம் முடிந்து, திரையில் தனி வரியாக வந்தது: 'மூடுபனி: ரெஜினா, ஏற்காடு'. சினிமாவுக்காக உயிரை விட்டவள் நான். சினிமாவைக் காசு தண்டம் என்றவள் பெயர் அத்தனை பெரிதாகத் திரையில். அக்கா எழுந்து நின்று நாலாபக்கமும் கும்பிட்டாள். பக்கத்து வரிசையில் முன்பின் தெரியாதவர்கள்கூடக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்ததா என்றால், எரிந்தது.

நான் அன்று தியேட்டருக்குள் நுழைந்ததும் முதலில் செய்தது, எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறதா என்று பார்த்ததுதான். பிறகு திரையை மட்டும் பார்த்தேன். படம் உண்மையாகவே நன்றாக இருந்தது. நடிப்பு நன்று, வசனம் நன்று. மூட்டம்தான் சரியில்லை. அது எப்போதும் ஒரே மூலையிலிருந்து வந்தது. யாரோ அனுப்பிவைத்த ஆள் மாதிரி நேராகக் கதாநாயகியைத் தேடிப் போனது. ஒரு காட்சியில் மூட்டத்தின் ஓரமாக வளையல் போட்ட ஒரு கை வந்து முறத்தால் விசிறிவிட்டுப் போயிற்று.

அன்று எழுத உட்கார்ந்தபோது என் முன்னால் இருந்தவை இரண்டு. ஒரு பக்கம் மேசை, மறுபக்கம் அக்கா. இருப்பதை மட்டும் எழுது என்றார்களே. எழுதினேன். "தமிழில் வந்துள்ள நல்ல படங்களில் ஒன்று. மூட்டம் மட்டும் செயற்கையாக இருக்கிறது."

இதழ் வந்ததும் ஆசிரியர் போன் செய்தார். "இப்பத்தானுங்க நீங்க விமர்சகர். ஒண்ணாந்தேதி வந்து மேசையப் பாத்துக்குங்க." ஃபேனுக்கடியில் இருந்த அந்த மேசையில் நான் பல வருஷம் உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்தியது பாதி, சினிமா பார்த்தது மீதி. எது எப்படியானாலும், இல்லாததை ஒருநாளும் எழுதவில்லை.

அக்கா என்னோடு பேச்சை நிறுத்தினாள். கிறிஸ்துமஸ் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. கிறிஸ்துமஸ் அன்று அவள் வீட்டுக்குப் போனேன். கல்கலாப் பலகாரத் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் டங்கென்று வைத்தாள். நான் ஒன்றை எடுத்துக் கடித்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"செயற்கையா இருக்கா?"

அன்று தொடங்கியது. எங்கள் குடும்பத்தில் எனக்குச் சோறு போட்டாலும் இதே கேள்வி, புதுப் புடவை உடுத்திக்கொண்டு வந்தாலும் இதே கேள்வி. என் கணவர் பெண் பார்க்க வந்து சிரித்தபோது, சமையலறையிலிருந்து அக்கா என் காதில் கேட்டதும் இதே கேள்விதான். என் பிள்ளைகள் வீட்டில் படம் போடும் முன்பு எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருகிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் அக்கா மகளுக்குக் கல்யாணம். அன்றைக்கு ஹாலில் காதில் துணி கட்டிக்கொண்டிருந்த அதே பாப்பாதான். பெண்ணை அனுப்பிவைக்கிற நேரம். அதே கோயில் ஹால், இப்போது எல்லா ஜன்னலிலும் புதுக் கண்ணாடி. அக்கா மகளைக் கட்டிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். எனக்கும் மனசு தாங்கவில்லை, பக்கத்தில் போய் நின்றேன். அழுகையின் நடுவில் சட்டென்று முகத்தைத் திருப்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்னைக் கேட்டாள்.

"ஏம்புள்ள, செயற்கையா இருக்கா?"

நான் முதலில் ஜன்னல் பக்கம் பார்த்தேன். எல்லாம் மூடித்தான் இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். நனைந்திருந்தது.

"இல்லக்கா," என்றேன். "நெசந்தான்."